கண்ணுக்கும் நரம்புக்கும் ஸ்டெம் செல்: மொரீசியஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோஸ்ஹில்லில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பார்வையைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பது தொழில். ஆனால் சோதனை நாற்காலியில் உட்காருபவர்களில் பாதிப்பேர் இப்போது கேட்பது கண்ணாடி பற்றி அல்ல, ஸ்டெம் செல் பற்றி. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், சென்னையில் உள்ள சொந்தக்காரர் சொன்ன ஆஸ்பத்திரி, பாங்காக்கில் ஒரு கிளினிக் என்று ஆளுக்கொரு சேதியோடு வருகிறார்கள். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பதற்கு எழுதி வைத்துவிட்டால் தொண்டையாவது மிச்சமாகும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பார்வைப் பரிசோதகர். டாக்டரைப் பார்க்கப் போகுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெம் செல் என்றால் என்ன?

தன்னையே பெருக்கிக்கொண்டு, தேவைப்படும்போது வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய செல். எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்த அணுக்களைத் தரும். தோலில் இருப்பது தோலைப் புதுப்பிக்கும். கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கருவிழியின் (கார்னியா) ஓரத்தில் இருப்பது கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும். ஒவ்வொன்றுக்கும் அதனதன் வேலை. கருவின் ஆரம்ப நாட்களில் உள்ள செல்தான் உடம்பின் எந்தச் செல்லாகவும் மாற வல்லது. 1998-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கருவிலிருந்து அதை எடுத்து வளர்த்தது. 2006-இல் ஜப்பானில் ஷின்யா யமனாகா எலியின் சாதாரணச் செல்லையே பின்னோக்கித் திருப்பி, கருச்செல் போல ஆக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது. இதற்குப் பெயர் ஐபிஎஸ் செல். 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

விளம்பரத்தில் வெறுமனே "ஸ்டெம் செல்" என்று மட்டும் போட்டிருந்தால் அது எந்த ஸ்டெம் செல் என்பதுதான் முதல் கேள்வி. வயிற்றுக் கொழுப்பில் எடுத்தது வேறு, கருவிழி ஓரத்தில் எடுத்தது வேறு.

சரி, ஸ்டெம் செல்லால் பார்வை திரும்புமா? ஆமா, இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

உங்கள் கண்ணில் எந்தச் செல் செத்தது என்று சொல்லுங்கள், பதில் சொல்கிறேன். கருவிழியின் மேல்தோல் போயிருந்தால், ஆமாம், திரும்ப வாய்ப்பு இருக்கிறது. அது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி ஆபரேஷன் தியேட்டருக்கு வந்து பல வருஷம் ஆகிறது. கண்ணின் உள்ளே பின்பக்கம் படம் விழும் விழித்திரை போயிருந்தால், சில நோய்களுக்கு மட்டும் சோதனைகள் நடக்கின்றன. பார்வை நரம்பு போயிருந்தால், இன்றைக்கு இல்லை.

வருபவர்களில் பலருக்கு இந்த மூன்றும் ஒன்றுதான்: "கண் போச்சு." விளம்பரக்காரர்களுக்கும் அது வசதி. முதலாவதில் கிடைத்த நல்ல பெயரைக் காட்டி மூன்றாவதற்குப் பணம் வாங்குகிறார்கள்.

கருவிழிக்கு அது எப்படி வேலை செய்கிறது?

கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணைப் பாருங்கள். கறுப்பு வட்டமும் வெள்ளைப் பகுதியும் சேரும் இடத்தில் மெல்லிய ஓரம் ஒன்று சுற்றிலும் ஓடும். கருவிழியின் ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அங்கேதான். கருவிழியின் மேல்தோல் தேயத் தேய, அந்த ஓரத்திலிருந்து புதுத்தோல் நடுவை நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கும். தூசி பட்டுக் கண் கீறினால் ஓரிரு நாளில் ஆறிவிடுவது அதனால்தான்.

அந்த ஓரமே வெந்துபோனால்? சுண்ணாம்பு, சிமென்ட், குழாய் அடைப்பை எடுக்க ஊற்றும் காஸ்டிக், தீபாவளிப் பட்டாசு. நம் ஊரில் இந்த வகைக் காயம் கட்டட வேலையில்தான் நடக்கும் என்று நினைக்கிறோம். வீட்டுக் குளியலறையைச் சுத்தம் செய்யும்போதும் நடக்கும். ஸ்டெம் செல் இல்லாததால் வெள்ளை விழியின் தோல் ரத்த நாளங்களோடு சேர்ந்து கருவிழி மேல் படர்ந்துவிடும். கண் சிவந்து, பால் ஊற்றியதுபோல் மங்கிவிடும். அந்த நிலையில் தானம் பெற்ற கருவிழியை வைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அதன் மேல்தோலைப் புதுப்பிக்க ஆள் இல்லை.

இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிக்கேலே டெ லூக்காவும் 1997-இல் இரண்டு நோயாளிகளுக்குச் செய்தது இது: நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளித் திசு எடுத்து, ஆய்வுக்கூடத்தில் தகடுபோல் வளர்த்து, வெந்த கண்ணில் வைத்தார்கள். 2010-இல் 112 பேரின் முடிவுகள் வந்தபோது ஏறக்குறைய முக்கால்வாசிக் கண்களில் கருவிழி தெளிந்திருந்தது. 2015-இல் ஹோலோகிளார் என்ற பெயரில் ஐரோப்பா இதற்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. ஐரோப்பா அனுமதித்த முதல் ஸ்டெம் செல் மருந்து அதுதான்.

ஆனால் அதற்கு வசதியான ஆய்வுக்கூடம் வேண்டும், செலவும் கைக்கு எட்டாது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் வீரேந்தர் சங்வான் குழு அதை எளிதாக்கியது. நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் திசு எடுப்பார்கள். அதை எட்டுப் பத்துத் துணுக்காக நறுக்குவார்கள். வெந்த கண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பிரசவத்தில் கிடைக்கும் பனிக்குடச் சவ்வைப் பரப்பி, அதன்மேல் துணுக்குகளைத் தள்ளித் தள்ளி வைத்து, திசுப்பசையால் ஒட்டுவார்கள். ஆய்வுக்கூடமே வேண்டாம்; செல்கள் கண்ணிலேயே வளர்ந்து ஒன்றுசேரும். 2012-இல் முறையை வெளியிட்டார்கள். 2016-இல் 125 பேரின் முடிவு வந்தது. இத்தாலிய முறைக்குச் சமமாகவே நின்றது. எனக்கு இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் பெருமையும் உண்டு: உலகம் முழுக்க ஸ்டெம் செல் என்று கோடிகளைக் கொட்டும்போது, ஒரு கத்தியும் பசையும் வைத்து நம் பக்கத்து ஆட்கள் செய்து முடித்தார்கள்.

இரண்டு கண்ணும் வெந்துபோனால்?

நல்ல கண் இல்லாததால் எடுக்க ஓரம் இருக்காது. உறவினர் கண்ணிலிருந்து எடுத்தால் உடம்பு ஏற்காமல் இருக்க நீண்ட காலம் மருந்து சாப்பிட வேண்டும். வாயின் உள்கன்னத் தோலை வளர்த்து வைப்பதும் உண்டு. ஒசாகாவில் கோஜி நிஷிதா குழு ஐபிஎஸ் செல்லிலிருந்து கருவிழித் தோலைத் தயாரித்து நான்கு பேருக்கு வைத்தது; 2024 நவம்பரில் முடிவு வந்தது. இரண்டு வருஷம் கண்காணித்ததில் பெரிய ஆபத்து எதுவும் காணவில்லை, பார்வையும் கூடியது. ஒருவருக்கு மட்டும் அந்த முன்னேற்றம் முழுதாக நிலைக்கவில்லை. நான்கே பேர்தான் என்றாலும் நம்பிக்கையான வழி.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. கண்ணில் சுண்ணாம்போ சிமென்ட்டோ காஸ்டிக்கோ பட்டால் அங்கேயே, அந்த நிமிஷமே, குழாய்த் தண்ணீரில் கழுவ ஆரம்பியுங்கள். இமையை விரலால் பிரித்துப் பிடித்து அரைமணி நேரம் விடாமல் கழுவுங்கள். இமைக்குள் துகள் ஒட்டியிருந்தால் ஈரத்துணி முனையால் எடுங்கள். அப்புறம் காரைத் தேடலாம். கழுவாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடி, பத்து நிமிஷத்தில் ஓரத்தைப் பறிகொடுப்பவர்கள்தான் அதிகம்.

அம்மாவுக்கு வயதானதால் நடுப்பார்வை மங்கிவிட்டது. அதற்கு உண்டா?

மாக்குலா தேய்வு. விழித்திரையின் நடுப்புள்ளிதான் மாக்குலா. படிப்பதும் முகம் பார்ப்பதும் அதனால்தான். அங்கே ஒளியை வாங்கும் செல்களுக்கு அடியில் நிறமிச் செல்கள் ஒரே அடுக்காகப் பரவியிருக்கும். மேலே இருப்பவற்றுக்குச் சோறு போடுவதும் குப்பை அள்ளுவதும் அவைதாம். வயதாக ஆக அவை சாகின்றன, பின்னாலேயே ஒளிச்செல்களும் சாகின்றன.

ஆராய்ச்சியாளர்கள் இந்த நிறமிச் செல்லைக் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே அடுக்கு; வேறு எந்த நரம்போடும் அதை இணைக்க வேண்டியதில்லை; கண்ணுக்குள் வைத்துவிட்டு வெளியிலிருந்தே பார்த்துக் கண்காணிக்கலாம். 2014 செப்டம்பரில் கோபேயில் மசாயோ தகாஹாஷி குழு, எழுபதைத் தாண்டிய பெண்ணுக்கு அவரது தோலிலிருந்தே உண்டாக்கிய ஐபிஎஸ் நிறமிச் செல் தகட்டை வைத்தது. உலகில் ஐபிஎஸ் செல்லை மனிதருக்கு வைத்தது அதுவே முதல். ஒரு வருஷம் கழித்து அவரது பார்வை கூடவும் இல்லை, குறையவும் இல்லை; கட்டி வரவில்லை. இரண்டாவது நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும், அவருக்கு வைக்காமலே நிறுத்திக்கொண்டார்கள். அந்த நிறுத்தத்தை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். நிறுத்தத் தெரிந்தவர்களைத்தான் நம்பலாம்.

லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனையில் இரண்டு பேருக்குக் கருச்செல்லிலிருந்து வளர்த்த நிறமிச் செல் ஒட்டுத்துண்டு வைத்தார்கள். 2018-இல் வந்த முடிவின்படி ஒருவருக்குப் பார்வைப் பலகையில் 29 எழுத்தும் மற்றவருக்கு 21 எழுத்தும் கூடின. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த எண்ணின் கனம் தெரியும்: ஐந்து எழுத்து ஒரு வரி. ஒரு வரி கூடினாலே நாங்கள் சந்தோஷப்படுவோம்.

இரண்டு பேர் என்பதை மறக்க வேண்டாம். இன்றுவரை இது சோதனையில்தான் இருக்கிறது, கடையில் வாங்கும் சிகிச்சையாக ஆகவில்லை. அம்மாவுக்கு, புது ரத்த நாளங்கள் முளைத்துக் கசியும் ஈரவகை என்றால் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாமா மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே மாலைக்கண். இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறதாம்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவாக இருக்கலாம். விழித்திரையின் ஒளிச்செல்கள் மெல்ல மெல்லச் சாகும், மரபணுவில் வரும் நோய் இது. ஒரு மரபணு அல்ல, பல பத்து மரபணுக்களில் எது கெட்டாலும் வரும். அதில் ஆர்பிஇ65 என்ற ஒன்று கெட்டவர்களுக்கு மட்டும் லக்ஸ்டர்னா என்ற மரபணு மருந்தை அமெரிக்கா 2017-இல் அனுமதித்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விலை எட்டரை லட்சம் டாலர் என்று அறிவித்தார்கள். ஆமாம், டாலர். அது ஸ்டெம் செல் அல்ல. ஆனால் ஸ்டெம் செல் வேண்டும் என்று கிளம்புகிற குடும்பம் முதலில் செய்ய வேண்டியது மரபணுப் பரிசோதனை. எந்த மரபணு என்று தெரியாமல் எந்தச் சோதனையிலும் சேர்க்க மாட்டார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் நடந்த குடும்பம் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சர்க்கரையால் போன பார்வை?

நம் தீவில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற நாடு இது. ஸ்டெம் செல் இதற்கு இல்லை. சர்க்கரை முதலில் விழித்திரையின் ரத்த நாளங்களைக் கெடுக்கிறது. கசிகிறது, அடைக்கிறது, பலவீனமான புதுக்குழாய்கள் முளைத்து ரத்தம் கொட்டுகிறது, கடைசியில் விழித்திரையே இழுபட்டுப் பிரிகிறது. இத்தனை கட்டத்திலும் ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் இருக்கிறது: சர்க்கரைக் கட்டுப்பாடு, லேசர், ஊசி, அறுவை. எல்லாக் கட்டமும் தாண்டியபின் ஸ்டெம் செல் கேட்டு வருகிறார்கள்.

மோக்காவில் சுப்பிரமணிய பாரதி பெயரில் அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது. வேறு நாட்டில் ஒரு கவிஞர் பெயரில் கண் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது; நமக்கு இருக்கிறது, அதுவும் இலவசம். சர்க்கரை இருப்பவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். "எனக்கு நல்லாத்தானே தெரியுது" என்று தள்ளிப்போடுபவர்களிடம் நான் ஒரு படத்தைக் காட்டுவேன்: விழித்திரை முழுக்கச் சிவப்புப் புள்ளி, மஞ்சள் திட்டு, அந்த ஆள் என் பலகையில் கடைசி வரிவரை படித்தவர்.

குளுக்கோமா இருக்கிறது. பார்வை நரம்பை ஸ்டெம் செல் வைத்து வளர்க்கலாமா?

முடியாது. குளுக்கோமா பார்வை நரம்பை மெல்லச் சாகடிக்கும் நோய். பார்வை நரம்பு என்பது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இழைகள் கொண்ட கட்டு. ஒவ்வோர் இழையும் விழித்திரையில் உள்ள ஒரு செல்லின் வால். மூளைக்குள் போய்த் தனக்குரிய இடத்தில் சேர்கிறது. புதுச் செல்லை வைத்தால் மட்டும் போதாது, அது உயிரோடு இருக்க வேண்டும், கண்ணைவிட்டு வெளியே வாலை நீட்ட வேண்டும், வழி தவறாமல் சரியான இடத்தில் சேர வேண்டும். எலியில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறார்கள். மனிதரில் இல்லை. குளுக்கோமாவுக்கு ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது விலை சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். இருக்கிற நரம்பைக் காப்பாற்றச் சொட்டுமருந்து இருக்கிறது; ராத்திரி மறக்காமல் போடுங்கள்.

கை நரம்பு வெட்டுப்பட்டால் தைத்துவிட்டால் வளர்கிறதே. பார்வை நரம்பும் தண்டுவடமும் ஏன் வளர்வதில்லை?

நல்ல கேள்வி. கரும்பு வெட்டிய குடும்பத்துக்கு இதைச் சொல்வது சுலபம். வெட்டிய கரும்பின் கட்டை மண்ணில் உயிரோடு இருந்தால் மறுதாம்பு முளைக்கிறது. கை கால் நரம்பும் அப்படித்தான்: செல்லின் உடல் தண்டுவடத்தின் உள்ளேயோ ஓரத்திலோ பத்திரமாக இருக்கும், வெட்டுப்பட்டது வால் மட்டும். அது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். மணிக்கட்டில் வெட்டுப்பட்டவருக்கு விரல் நுனியில் உணர்ச்சி வர மாதக்கணக்கு ஆவது இதனால். கை கால் நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்கள் பழைய குப்பையை அள்ளி, வளர்கிற வாலுக்குப் பாதையும் போட்டுக் கொடுக்கின்றன.

மூளையிலும் தண்டுவடத்திலும் பார்வை நரம்பிலும் ஷ்வான் செல் இல்லை. அங்கே உறை போடும் வேறு செல் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களை வைத்திருக்கிறது. காயத்தில் தழும்பும் கட்டுகிறது. அப்போது நரம்புக்கே வளரும் சக்தி இல்லையா, அல்லது இடம் சரியில்லையா? 1981-இல் கனடாவில் சாமுவேல் டேவிட்டும் ஆல்பர்ட் அகுவாயோவும் எலியின் கால் நரம்புத் துண்டை மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் பாலமாக வைத்தார்கள். வளரவே வளராது என்றிருந்த நரம்புகள் அந்தப் பாலத்துக்குள் நீளமாக வளர்ந்தன. பாலம் முடிந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. இடம்தான் பெரிய தடை என்று அதில் தெரிந்தது. இன்று தண்டுவட ஆராய்ச்சியில் நடப்பதில் பாதி அந்த இடத்தைச் சரிசெய்கிற முயற்சிதான்.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு இப்போது என்ன இருக்கிறது?

மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லும்போது நான் மெதுவாகத்தான் பேசுவேன்.

2010 அக்டோபரில் அமெரிக்காவில் ஜெரான் என்ற நிறுவனம் கருச்செல்லிலிருந்து உண்டாக்கிய செல்களை ஒரு நோயாளியின் தண்டுவடத்தில் வைத்தது. மறுவருஷ நவம்பரிலேயே, பணம் பற்றாது என்று கைவிட்டது. ஆபத்து வந்து நிறுத்தவில்லை என்பது மட்டும் ஆறுதல். டோக்கியோ கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஹிதெயுகி ஒகானோ குழு, 2021 டிசம்பரில் தொடங்கி நான்கு பேருக்கு ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்த்த, நரம்புச் செல்லாக மாறக்கூடிய முன்னோடிச் செல்களை வைத்தது. ஆளுக்கு இருபது லட்சம் செல்கள். 2025 மார்ச்சில் சொன்னார்கள்: ஒருவர் பிடிமானம் இல்லாமல் எழுந்து நின்று, நடக்கப் பழகுகிறார், இன்னொருவருக்கும் கை கால் அசைவு கூடியது, மற்ற இருவருக்கும் அப்படி எதுவும் இல்லை.

இந்த நால்வருக்கும் அடிபட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் வைத்தியம் எதுவும் செய்யாமலே ஓரளவு திரும்புபவர்களும் உண்டு. ஆகவே எழுந்து நின்றது செல்லாலா, இயற்கையாலா என்று நான்கு பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஐந்து வருஷத்துக்கு முன் அடிபட்டவருக்கு இதை அப்படியே பொருத்தவும் முடியாது.

போலந்தின் விராட்ஸ்லாவ் நகரில் ஒருவரின் மூளையில் வாசனையை வாங்கும் மோப்பக் குமிழிலிருந்து செல் எடுத்து, கணுக்கால் நரம்பைப் பாலமாக வைத்து, வெட்டுப்பட்ட தண்டுவடத்தை இணைத்த செய்தி 2014-இல் உலகமெங்கும் பரவியது. ஒரே ஒரு நோயாளி. அது வழி காட்டியது, வைத்தியமாகவில்லை.

பாதம் மரத்துப்போகிறது, இரவில் எரிகிறது. சர்க்கரை நரம்புக்கு ஸ்டெம் செல் ஊசி உண்டா?

அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இல்லை. முதலில் டாக்டரிடம் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும், அதுவும் பாதத்தை மரக்க வைக்கும். அது குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ போட்டுச் சரிசெய்யலாம்.

காவடி எடுப்பவர்களுக்கும் தீமிதிப்பவர்களுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். தைப்பூசம் நமக்கு உச்சிக் கோடையில் வருகிறது. ஜனவரி வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும். உணர்ச்சி உள்ள கால் சூடு பட்டதும் தானே தூக்கிக்கொள்ளும். மரத்த கால் தூக்காது. கோர் தெ கார்த் மலையடிவார முருகன் கோயில் படியேறி இறங்கியபின் சிலர் பாதத்தைப் பார்த்தால் கொப்புளம் அடிப்பக்கம் முழுக்க இருக்கும், வலி மட்டும் இருக்காது. வலிக்காததை முருகன் அருள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள், இரண்டு வாரத்தில் புண்ணோடு வருவார்கள். விரதத்தில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கோயிலுக்குப் போகுமுன் நர்ஸிடம் காட்டி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். இழை படுவது தெரியவில்லை என்றால் அந்த வருஷம் பால்குடம் எடுங்கள், அதுவும் குளிர்ந்த நேரத்தில், தீ வேண்டாம்.

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸுக்கு ஸ்டெம் செல் மாற்று செய்கிறார்களே?

உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்பைத் தாக்கும் நோய் இது. ஸ்டெம் செல் மாற்று செய்கிறார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் அது நரம்பை ரிப்பேர் பார்ப்பதில்லை. நோயாளியின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து வைத்துக்கொண்டு, நரம்பைத் தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைக் கடும் மருந்தால் துடைத்துவிட்டு, எடுத்ததைத் திரும்ப ஏற்றுகிறார்கள். தாக்குதல் நிற்கிறது. 2019-இல் 110 பேரை வைத்து வந்த சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களைவிட மாற்று செய்துகொண்டவர்களுக்கு நோய் முற்றியது குறைவு. அடிக்கடி வந்து வந்து போகும் வகைக்குத்தான் பலன் அதிகம். கீமோதெரபி ஆபத்தும் உண்டு.

கிளினிக் கொடுத்த எஸ்டிமேட்டைப் பாருங்கள். இது சரியா?

கடைக்கு வந்த அந்த மாதிரித் தாள்களில் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. பளபளப்பான தாள், மேலே தாமரைப் படம். கீழே ஒரே பட்டியலில் குளுக்கோமா, மாக்குலா, ஆட்டிசம், முழங்கால் வலி, பக்கவாதம், சர்க்கரை. எல்லாவற்றுக்கும் ஒரே செல், ஒரே ஊசி, மூன்று தவணை. ஓட்டல் வாடகையும் விமான நிலையத்திலிருந்து காரும் சேர்த்து விலை. எந்தச் செல் எங்கிருந்து எடுப்பது, எத்தனை பேருக்குப் போட்டார்கள், யாருக்காவது கெடுதல் வந்ததா என்ற எதுவும் இல்லை. எஸ்டிமேட்டில் கார் இருக்கிறது, முடிவு இல்லை. அந்தத் தாளைக் கொண்டுவந்த அக்காவிடம் நான் சொன்னது: குளுக்கோமாவுக்கும் முழங்காலுக்கும் ஒரே மருந்து கொடுப்பவரிடம் இரண்டையும் காட்டாதீர்கள்.

பயமுறுத்தவில்லை, நடந்தது இது. அமெரிக்காவில் ஃபிளோரிடா மாநிலத்தில் 2015-இல் ஒரு கிளினிக் மாக்குலா தேய்வு இருந்த மூன்று மூதாட்டிகளின் வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதில் ஸ்டெம் செல் இருக்கிறது என்று சொல்லி, இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டது. ஆளுக்கு ஐயாயிரம் டாலர் வாங்கியது. சில நாட்களில் ரத்தக்கசிவும் விழித்திரைப் பிரிவும் வந்து மூவரும் பார்வை இழந்தார்கள். 2017 மார்ச்சில் மருத்துவ இதழில் வெளியானது. 2019-இல் நீதிமன்றம் அந்த வேலையை நிறுத்தியது. நல்ல ஆராய்ச்சியில் யாரும் இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொட மாட்டார்கள். இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேளுங்கள்: "எத்தனை கண்ணுக்குப் போடுவீர்கள்?"

நரம்புப் பக்கமும் இப்படி உண்டு. போர்ச்சுகலில் மூக்குத் திசுவைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டு வருஷம் கழித்து முதுகு வலித்தது. திறந்து பார்த்தால் மூக்குச் சளி சுரக்கும் கட்டி. வேறு ஒருவர் பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று ஊசி போட்டுவந்தார். அவரது தண்டுவடத்தில் வளர்ந்த கட்டியின் செல்கள் அவருடையவையே அல்ல.

ஆனால் அரசுப் பதிவேட்டில் சோதனை என்று பதிந்திருக்கிறார்களே?

ஃபிளோரிடா கிளினிக்கும் பதிந்திருந்தது. அமெரிக்க அரசின் சோதனைப் பதிவேட்டில் யாரும் படிவம் நிரப்பலாம். பதிவு என்பது அனுமதி அல்ல. நோயாளியிடமே பணம் வாங்கும் "ஆய்வு" என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். உண்மையான சோதனையில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் நோயாளி கட்டணம் கட்ட மாட்டார். ஆய்வு முறையாக இருக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். இந்தியாவில் 2017 தேசிய வழிகாட்டுதலின்படி ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றதெல்லாம் முறையான சோதனைக்குள்தான் நடக்க வேண்டும். சென்னை என்பதால் எல்லாம் சரி என்றும் இல்லை, தப்பு என்றும் இல்லை, கடிதத்தைப் பாருங்கள். நம் நாட்டில் 2011-இலிருந்து மருத்துவச் சோதனைகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது.

குழந்தை பிறக்கும்போது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பிற்காலத்தில் கண்ணுக்கு உதவுமா?

அதில் இருப்பது பெரும்பாலும் ரத்த ஸ்டெம் செல். ரத்த நோய்களுக்கு உதவும். கண்ணுக்கென்று நினைத்துச் சேமித்தால் வருஷச் சந்தா வீண்.

கருவைக் கொன்று எடுப்பதா? எங்களுக்கு மனசு ஒப்பவில்லை.

கருத்தரிப்புச் சிகிச்சையில் மிஞ்சிய, கருப்பைக்குள் வைக்காத சில நாள் கருவிலிருந்து, பெற்றோர் சம்மதத்தோடு எடுத்தவை அந்தக் கருச்செல்கள். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஐபிஎஸ் வழி இருக்கிறது. கருவிழி ஓரச் சிகிச்சையில் கருவே இல்லை, உங்கள் கண்ணுக்கு உங்கள் செல்தான்.

சென்னைக்கோ மதுரைக்கோ இரண்டாம் கருத்துக்குப் போகிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள?

நோயின் பெயர் எழுதிய டாக்டர் கடிதம், ஆங்கிலத்தில். நம் ஆஸ்பத்திரிக் குறிப்பு பிரெஞ்சில் இருந்தால் மாற்றி எழுதி வாங்குங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடைசி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, ஏற்கெனவே கண்ணில் போட்ட ஊசிகளின் தேதி. பழைய கண்ணாடி எண்களும் இருந்தால் நல்லது. பார்வை எப்போது இறங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. விழித்திரை ஸ்கேன் படங்களை மட்டும் போனில் போட்டோ பிடித்து அனுப்பாதீர்கள். அந்தப் போட்டோவில் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுத்த இடத்திலேயே கேட்டு, அசல் கோப்பைப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.